மண்டபக் கேமராவோடு மண் டிராக்குக்குப் போன கதை

பதினோரு வருஷமாகக் கல்யாணம், சீர், வளைகாப்பு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். பொள்ளாச்சி, உடுமலை, கிணத்துக்கடவு வட்டாரத்தில் நான் கேமராவோடு ஏறாத மண்டபம் குறைவு. அந்தத் தெம்பில்தான் போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணன் கூப்பிட்டபோது யோசிக்காமல் சரி என்றேன். அவர் ஒர்க்‌ஷாப்பில் இருந்து மூன்று பசங்க மண் டிராக் ரேஸ் ஓட்டுகிறார்கள். "மேல பறக்கற மாதிரி நாலு படம் எடுத்துக் குடுங்க தம்பி, கடைக்கு ஃபிளெக்ஸ் அடிக்கோணும்" என்றார். பேசிய தொகை 6,000 ரூபாய். வெயிலில் ஒரு நாள் நின்றால் ஆறாயிரம். ராத்திரி இரண்டு மணி வரை ரிசப்ஷனில் நிற்பதற்கு இது தேவலையே என்று தோன்றியது.

கோயமுத்தூர்ப் பக்கம் ரேஸ் ஒன்றும் புதிதல்ல. ஃபார்முலா ஒன் ஓட்டிய நாராயண் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையத்தில் தார் டிராக் இருக்கிறது, அங்கே ஒரு தடவை போய்ப் படம் எடுத்திருக்கிறேன், சுமாராக வந்தது. அதனால் மண்ணிலும் வந்துவிடும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு. தாரில் வண்டி ஒரு கோட்டில் வரும். எங்கே வரும் என்று கண்ணுக்கே தெரியும். மண்ணில் அது மேட்டில் ஏறி மறையும், திடீரென்று வானத்தில் தெரியும், இறங்கியதும் பக்கவாட்டில் சறுக்கும், அப்புறம் அது கிளப்பிய புழுதியில் காணாமல் போகும். ஒரே நிமிஷத்துக்குள் வெளிச்சம், தூரம், திசை மூன்றும் மாறிவிடும்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 6டி கேமரா, ஒரு 24-105 எம்எம் ஜூம் லென்ஸ். ரேஸுக்காக, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-200 எஃப் 2.8 லென்ஸை 1,200 ரூபாய் நாள் வாடகைக்கு எடுத்தேன், டெபாசிட் தனி. எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். சனிக்கிழமை பிராக்டிஸ், ஞாயிற்றுக்கிழமை ரேஸ். சனிக்கிழமை எனக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் நேரே ஞாயிறு காலையில் போய் இறங்கினேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: ரேஸைக் கூடத் தவற விடலாம், பிராக்டிஸைத் தவற விடக் கூடாது. எந்த மேட்டில் யார் எவ்வளவு உயரம் போகிறார், எந்த வளைவில் எல்லோரும் உள்பக்கமாக ஒடிக்கிறார்கள், புழுதி எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் பிராக்டிஸில் வேடிக்கை பார்த்தாலே பிடிபடும். எனக்கு இது எதுவும் தெரியாது.

முதல் பத்து நிமிஷம் எடுத்ததெல்லாம் வெள்ளை. வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறனைச் சொல்லும் எண்தான் ஐஎஸ்ஓ. நிச்சயதார்த்தத்தில் வைத்த ஐஎஸ்ஓ 800 அப்படியே இருந்தது. ஏவி மோடில் எஃப் 2.8. அந்த மோடில் துளையை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைத்துக்கொள்ளும். பளீரென்ற வெயிலில் அதற்கு 1/25000 விநாடிக்குப் பக்கத்தில் ஷட்டர் வேண்டும், 6டி போவதோ 1/4000 வரைக்கும்தான். வியூஃபைண்டரில் 4000 என்ற எண் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க எங்கே நேரம்? பசங்களில் ஒருவனுடைய முதல் ஹீட், அதாவது முதல் கட்ட ஓட்டம், முழுக்க அப்படியே போனது.

பதறிப் போய் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கினேன். ஷட்டர் 1/3200-க்கு வந்தது. திரையில் பார்த்தால் அப்பாடா என்று இருந்தது. வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வேறு கதை. சக்கரத்தின் கம்பிகளை எண்ணலாம், அவ்வளவு கூர்மை. ஆனால் தரையில் ஓடும் படங்களில் வண்டி ஓடுகிற மாதிரியே இல்லை. யாரோ ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி மேலே ஆளை உட்கார வைத்த மாதிரி இருந்தது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகரும். 1/3200 என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அது அரை சென்டிமீட்டர்தான் நகர்கிறது. 1/800 என்றால் 2 சென்டிமீட்டர். 1/125 என்றால் 13 சென்டிமீட்டர். எந்த எண் சரி என்பது நாம் அந்தப் படத்தில் எதைக் காட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அன்று அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்தது ஃபோகஸ். இதில்தான் நான் அதிகமாக நொந்தேன், ஏனென்றால் ஃபோகஸ் எனக்குக் கை வந்த கலை என்று நினைத்திருந்தேன். மண்டபத்தில் நான் வைத்திருப்பது ஒன் ஷாட். பட்டனைப் பாதி அமுக்கினால் பீப் சத்தம் கேட்கும், ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஃபிரேமைக் கொஞ்சம் நகர்த்தி எடுப்பேன். மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே ஓடப் போகிறார்கள்? இங்கே பீப் கேட்டு விரல் முழுதாக அமுங்குவதற்குள் வண்டி இரண்டு மூன்று மீட்டர் தாண்டிவிடுகிறது. படத்தில் வண்டிக்குப் பின்னால் இருந்த பேரிகேட் துணியில் எழுதியிருந்தது அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. அந்த விளம்பரக்காரர் எனக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

மதியம் போலத்தான் ஏஐ சர்வோ நினைவுக்கு வந்தது. நிக்கான்காரர்கள் அதை ஏஎஃப்-சி என்பார்கள். வண்டி நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும். மாற்றினேன், கொஞ்சம் தேறியது, ஆனால் பதினோரு ஃபோகஸ் புள்ளியையும் திறந்து விட்டிருந்தேன். கேமரா எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்தது. கொடி அசைக்கும் மார்ஷலின் கை, மேட்டின் விளிம்பு, இன்னொரு வண்டி கிளப்பிய மண். 6டியில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது நெடுக்குக்கோடு, குறுக்குக்கோடு இரண்டையும் பிடிக்கும். மற்ற பத்தும் ஓடுகிற பொருளுக்குத் தடுமாறும். அந்த ஒரு புள்ளியை மட்டும் வைத்து, ஓட்டுபவரின் கண்ணாடி மேலோ முன்பக்க நம்பர் பிளேட் மேலோ நிறுத்திக்கொண்டே வந்தால் போதும். படம் நடுவில் அமைந்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். கொஞ்சம் அகலமாக எடுத்து வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். புதுக் கேமராக்களில் ஹெல்மெட்டையே அடையாளம் கண்டு பின்தொடரும் வசதி வந்துவிட்டது, அது இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

எஃப் 2.8 வைத்ததும் மண்டபத்து ஆசைதான். பின்னணி கரைந்து போனால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் இல்லையா. ஆனால் பத்து மீட்டர் தூரத்தில், 200 எம்எம்மில், 2.8-ல் கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை அடிக்கும் குறைவு. மோட்டோக்ராஸ் பைக்கின் நீளம் ஏழு அடி. நேரே நம்மை நோக்கிப் பறந்து வந்தால் முன் மட்கார்டு தெளிவாக இருக்கும், ஓட்டுகிறவன் முகம் மசங்கும். எஃப் 5.6-க்கு வந்தால் அந்த ஆழம் இரட்டிப்பாகிறது, பின்னணியும் போதுமான அளவு கரைந்தே இருக்கிறது. இத்தனைக்கும் 2.8 லென்ஸுக்கு வாடகை கொடுத்தது நான். பகல் ரேஸுக்கு 5.6-ல் முடியும் சாதாரண 70-300 லென்ஸே போதும் என்று இப்போது தெரிகிறது.

வானம் இன்னொரு விதமாகக் கழுத்தறுத்தது. ஏவி மோடில் வண்டி தரையில் இருக்கும்போது வெளிச்சம் சரியாக வந்தது. அது மேட்டில் இருந்து எழும்பியதும் நானும் கேமராவைத் தூக்குகிறேன், ஃபிரேம் முழுக்க வெளிறிய வானம், கேமரா பயந்து போய் வெளிச்சத்தைக் குறைக்கிறது, ஓட்டுகிறவன் கரிக்கட்டை ஆகிறான். கேட்டதே பறக்கிற படம், அதிலேதான் எல்லா முகமும் கறுப்பு. பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பையன் சின்ன கேமராவோடு வந்திருந்தான். அவன்தான் "எம் மோடுல வச்சிருங்கண்ணா, வெயிலு எங்க மாறப் போகுது" என்றான். உறைத்தது. எம் மோடில் ஷட்டர், துளை இரண்டையும் நாமே வைப்பது, கேமரா மாற்றாது. மேகம் இல்லாத வெயிலில் பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது: எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. அங்கிருந்து எஃப் 5.6-க்கு வந்தால் மூன்று ஸ்டாப், அதாவது வெளிச்சம் மூன்று தடவை இரட்டிக்கிறது, ஷட்டர் 1/800. தரையை ஒரு படம் எடுத்துச் சரி பார்த்துவிட்டு அதிலேயே பூட்டி வைத்தால் வானம் வந்தாலும் வெள்ளை ஜெர்ஸி வந்தாலும் மாறாது. உச்சி வெயிலில் ஹெல்மெட் நிழல் முகத்தில் விழும் என்பதால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி வைப்பது என் பழக்கம். மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஷட்டரையும் துளையையும் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவைக் கேமராவிடம் விடலாம்.

ஸ்டார்ட்டைப் பற்றிச் சொல்லவே வெட்கம். கேட் விழுந்ததும் பதினைந்து வண்டி ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குப் பாயும். அங்கே முதலில் வருகிறவனுக்கு ஹோல்ஷாட் என்று பெயர், அன்றைய நாளின் படமே அதுதான். நான் சென்சார் பதிவை அப்படியே வைக்கும் பெரிய ரா கோப்பில் வைத்து, கேட் விழுந்த நொடியே விரலை அமுக்கிப் பிடித்துவிட்டேன். வண்டிகள் வளைவுக்கு வந்தபோது, கார்டில் ஏறும் வரை படங்களைத் தாங்கும் பஃபர் நிறைந்து கேமரா மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிகிறது, அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை, கண் முன்னால் நம்ம பையன் முதலாவதாகத் திரும்புகிறான். அந்த இடத்தில் சின்ன ஜேபெக் கோப்பே போதும். வேகமான கார்டு வேண்டும். விரல் பொறுமையாக இருக்க வேண்டும். இன்னொன்று, 6டி விநாடிக்கு 4.5 படம்தான் எடுக்கும். இரண்டு படத்துக்கு நடுவில் வண்டி மூன்றரை மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அமுக்கிப் பிடித்தால் உச்சத்தில் இருக்கும் நொடி எப்படியாவது சிக்கும் என்பது மெதுவான கேமராவில் லாட்டரிச் சீட்டுதான். வண்டி மேலே போய், ஏறுவதை நிறுத்தி, இறங்கத் தொடங்கும் நொடியை எதிர்பார்த்து ஒரே ஒரு படம் எடுப்பதில் எனக்கு அதிகம் தேறுகிறது.

மூன்றரை மணிக்குத்தான் பெரிய நஷ்டம். கரை கட்டிய மாதிரி மண் குவித்த வளைவை பெர்ம் என்பார்கள். அதன் வெளிப்பக்கத்தில், பேரிகேடை ஒட்டி மண்டி போட்டு உட்கார்ந்தேன். மார்ஷல் பையன் வந்து, "ஏனுங்ணா, அங்க நிக்காதீங்க, மூஞ்சி மேலயே மண்ணு வரும்" என்றான். ஒரு ரவுண்டு மட்டும் என்றேன். பின் சக்கரம் வாரி அடிக்கும் மண்ணுக்கு ரூஸ்ட் என்று பெயர். மண் என்று சொல்கிறோமே தவிர அதில் பாதி கல். ஆக்சிலரேட்டரை முறுக்கி வெளியே வருகிற வண்டியின் பின்சக்கரம் நேரே என்னைப் பார்த்து இருந்தது. லென்ஸ் முன்னால் இருந்த யூவி ஃபில்டர் நொறுங்கிவிட்டது. ஃபில்டர் போனால் பரவாயில்லை, அதன் சில்லு முன் கண்ணாடியில் கீறல் போட்டிருந்தது. வாடகைக் கடைக்காரர் டெபாசிட்டில் 3,500 பிடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. வளைவின் உள்பக்கத்தில், அனுமதித்த இடத்தில், எழுந்து ஓட வழி வைத்துக்கொண்டு நின்றிருந்தால் கீறலும் இல்லை, படமும் இன்னும் நன்றாக வந்திருக்கும், ஏனென்றால் உள்பக்கம் இருந்துதான் ஓட்டுகிறவன் கால் நீட்டிச் சாய்வது தெரியும். வண்டி இறங்கும் நேர்க்கோட்டில் மட்டும் எந்தக் காலத்திலும் நிற்காதீர்கள். மஞ்சள் கொடி ஆடினால் யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேமராவை இறக்கிவிட்டு முதலில் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பே ஒரு நஷ்டம் நடந்துவிட்டது, அன்று தெரியவில்லை. காலையில் கூட்டத்தை அகலமாக எடுக்க டிராக் ஓரத்திலேயே நின்று லென்ஸ் மாற்றினேன், இரண்டு தடவை. மதியத்துக்கு மேல், ஒரே மாதிரி படம் எடுத்துச் சலித்து, ஷட்டரை 1/60-க்குக் குறைத்து வண்டியோடு கேமராவைச் சுழற்றி எடுத்துப் பார்த்தேன். பேனிங் என்பது அதுதான். வெயிலில் 1/60 வைத்தால் துளை எஃப் 20-க்கு மூட வேண்டியிருக்கிறது. துளை சின்னதாக ஆக ஆக சென்சாரில் உட்கார்ந்த தூசி ஒவ்வொன்றும் படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். எஃப் 2.8-ல் கண்ணுக்கே தெரியாத அதே தூசி. கொஞ்சமாவது அசைவு வந்த நாற்பது படத்திலும் வானம் முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளி. சென்சார் சுத்தம் செய்ய 1,500 ரூபாய், ஒரு வாரம் கேமரா கையில் இல்லை. லென்ஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றால் காருக்குள் கண்ணாடி ஏற்றிவிட்டு மாற்றுங்கள். பகலில் மெதுவான ஷட்டர் வேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று வாங்கிவிட்டால் எஃப் 8-க்குள் இருந்துகொள்ளலாம்.

ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். 1,140 படம். கொடுக்கத் தகுந்தது ஒன்பது. அதில் பறக்கிறது ஒன்று, அதுவும் அண்ணனுடைய டீம் பையன் இல்லை. மூன்று ராத்திரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கறுப்பு முகங்களை வெளுத்துப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் வந்தது. அண்ணனிடம் காட்டியபோது அவர் திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும். "பரவால்லீங்க தம்பி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பணம் வாங்கவில்லை. வாடகை, பெட்ரோல் சாப்பாடு 450, கீறல், சென்சார் எல்லாம் சேர்த்துக் கையில் இருந்து போனது 6,650. வர வேண்டிய ஆறாயிரமும் வரவில்லை.

அப்புறம் இரண்டு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அந்தப் பசங்க பிராக்டிஸ் செய்யும் தோட்டத்து மேட்டுக்கு அனுமதி கேட்டு மூன்று ஞாயிறு போனேன். வாடகை லென்ஸ் இல்லை, என் 24-105 மட்டும். கிட்டத்தில் நின்றால் அதுவே போதும் என்பது அங்கேதான் தெரிந்தது. தாழ உட்கார்ந்து, மேட்டின் விளிம்பும் ஃபிரேமுக்குள் வருகிற மாதிரி எடுத்தால்தான் வண்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றே புரியும். வெறும் வானத்தில் வண்டி மட்டும் தெரிந்தால் அது இரண்டடியா இருபதடியா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. மேட்டின் விளிம்பில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, லென்ஸில் ஆட்டோ ஃபோகஸை அணைத்து, வண்டி அந்த இடத்துக்கு வரும்போது எடுப்பது இன்னொரு வழி. வண்டியின் சத்தத்தைக் கேட்டுத் தயாராகலாம். வண்டி விளிம்பை விட்டு எழும்போது சத்தம் மாறும், காதுக்குப் பழகிவிடும்.

பேனிங்குக்கு நான் பட்ட பாடு தனி. 1/250-ல் பத்துக்கு ஆறு தேறியது. 1/125-ல் மூன்று. 1/60-ல் இருபதுக்கு ஒன்று. எனவே 1/250-ல் தொடங்கிக் கை பழகப் பழக இறங்குவதே சரி. அன்று நான் எடுத்த எடுப்பிலேயே 1/60-க்குக் குதித்தது கூத்து. எந்த இடத்தில் கிளிக் செய்யப் போகிறோமோ அந்தத் திசைக்குப் பாதத்தை வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பி, வண்டி தூரத்தில் வரும்போதே பிடித்து, கிளிக் செய்த பிறகும் சுழற்சியை நிறுத்தாமல் போக வேண்டும். கிளிக் செய்ததும் கை நிற்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பறக்கும் வண்டிக்குப் பேனிங் வேண்டாம், அது வளைந்து ஏறி இறங்குவதால் நம் கை அதே வளைவில் போகாது. சமதளத்திலும் வளைவு முடிந்து நிமிரும் இடத்திலும் செய்யுங்கள். பெரிய லென்ஸ்களில் கை நடுக்கத்தை அடக்கும் ஸ்டெபிலைசருக்கு மோடு 2 என்று ஒரு சுவிட்ச் இருக்கும், மேலும் கீழும் ஆடுவதை மட்டும் அடக்கும். ரேஸ் அன்று நான் மோடு 1-லேயே விட்டிருந்தேன், நான் ஒரு பக்கம் இழுக்க லென்ஸ் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

இப்போது டயலில், நம் செட்டிங்கைச் சேமித்து வைக்கும் சி1, சி2 இரண்டையும் இதற்கென்றே வைத்துவிட்டேன். சி1-ல் எம் மோடு, 1/800, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100, ஏஐ சர்வோ, நடுப்புள்ளி. சி2-ல் 1/125, எஃப் 14, மற்றதெல்லாம் அதே. ஒரு திருகில் மாறிக்கொள்ளலாம். இதிலும் ஒரு குழி உண்டு: வெயில் குறைந்ததும் நாம் ஐஎஸ்ஓவை ஏற்றி வைப்போம், கேமரா கொஞ்ச நேரம் தூங்கி எழுந்தால் பழையபடி சேமித்த எண்ணுக்கே போய் நிற்கும். சாயங்காலம் ஒரு முழு ஹீட்டை இருட்டாக எடுத்துவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன். சாயங்காலம் சூரியன் வண்டிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நின்று பாருங்கள், காலையில் இருந்து நம்மைப் பாடாய்ப் படுத்திய அதே புழுதி மஞ்சளாக எரியும்.

மூன்றாவது ஞாயிறு எடுத்ததில் ஒன்றை, காசு எதுவும் பேசாமல், அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் டீமின் சின்னப் பையன், வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அந்தரத்தில் நிற்கிறான், கீழே மேட்டின் விளிம்பு, பின்னால் தென்னை மரம். ராத்திரி வரை பதில் இல்லை. ஒன்பதரைக்கு ஃபோனில் கூப்பிட்டார். எடுத்ததும், "தம்பி, இது எத்தன அடி வரைக்கும் அடிக்கலாம்?" என்றார்.